கம்புக்கு அப்பால் ஒரு புத்தகம்

ஒரு மூங்கில் கம்பு, அவ்வளவுதான். பழைய புத்தகக் கடையின் வாசலில், இருபுறத்து நிலைகளிலும் அடித்திருந்த ஆணிகளின்மேல், முழங்காலுக்குச் சற்று மேலே குறுக்காகக் கிடந்த அந்தக் கம்புக்கு இந்தப் பக்கம் கோமதிநாயகம் நின்றுகொண்டிருந்தார். அந்தப் பக்கம், எக்கிக் கை நீட்டினால் விரல்நுனி தொட்டுவிடக்கூடிய தொலைவில், சணல் கயிற்றால் கட்டிப்போட்டிருந்த அடுக்கின் நடுவிலே அது இருந்தது. அதுதானா? பழுப்புத் துணி ஒட்டிய அட்டை, சரி. உள்ளே மடித்து வைத்த படங்களால் வயிறு சற்றே உப்பியிருக்கும், அதுவும் சரி. முதுகில் எழுத்து பாதி உதிர்ந்திருந்தது. மீதியின்மேல் சணல் ஓடியிருந்தது. ‘சிற்றூர் மனை’ என்ற அளவுக்குத்தான் படிக்க முடிந்தது. முன்னால் ‘தென்கரை’ இருக்கவேண்டும். பின்னால் ‘யமைப்பு’ இருக்கவேண்டும். தென்கரைச் சிற்றூர் மனையமைப்பு. பெயரை மனத்துக்குள் முழுதாகச் சொல்லிப் பார்த்ததும் நாடித் துடிப்பு காதுக்குள் கேட்டது. தேர்வு முடிவு ஒட்டிய பலகைக்கு முன்னால் முண்டியடித்துக்கொண்டு நின்ற நாளுக்குப் பிறகு இந்தத் துடிப்பை அவர் கேட்டதில்லை. பொறு, பொறு, என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். மனையடி சாத்திரமாக இருக்கலாம். வாஸ்துக் குப்பையாக இருக்கலாம். கும்பகோணத்தில் இப்படித்தான் ‘மனை’ என்ற இரண்டெழுத்தைக் கண்டு ஓடிப்போய் எடுத்தால், மனைவி கணவனிடம் நடந்துகொள்ள வேண்டிய முறைகள் என்று ஒரு நூல் வந்தது; அதை மனைவி ஆவுடையிடம் காட்ட, அவள் வழிநெடுகச் சிரித்தாள். ஆனால் இந்த உப்பிய வயிறு? மனையடி சாத்திரத்துக்கு ஏது வயிறு? மனை என்ற சொல்லுக்கு அடுத்து, சணலின் ஓரத்தில் ஒரு சிறு வளைவு தெரிந்தது. அது ‘ய’கரத்தின் வால்தான். வேறு எந்த எழுத்துக்கு அப்படி ஒரு வால் உண்டு என்று அவர் உயிர்மெய் வரிசை முழுவதையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். பாதியிலேயே கவனம் நழுவி, கண் மீண்டும் கம்புக்கு வந்தது.

எதிர்ப்புறத்தில் மரத்தடியில் நுங்கு சீவிக்கொண்டிருந்த பெண்ணிடம் அவர் முதலிலேயே கேட்டிருந்தார். “கடை எப்பத் தெறக்கும்?” “தெறந்துதான கெடக்கு,” என்றாள் அவள், நிமிராமலே. “பாய் ஜும்மாவுக்குப் போயிருக்காவ. கம்பு கெடந்தா ஆளு இல்லன்னு அர்த்தம். வந்து எடுப்பாவ.” “உள்ள போய்ப் பாக்கலாமா?” “கம்பு கெடக்குல்லா,” என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் அரிவாளை அடுத்த காயின்மேல் போட்டாள். அதற்குமேல் விளக்கம் தேவையில்லை என்பதுபோல இருந்தது அந்தக் குரல். தெருவைப் பார்த்தால் உண்மையும் அதுதான். நயினார்பட்டினத்தின் கடைத்தெரு முழுவதும் வெள்ளிக்கிழமை நண்பகலில் அப்படியே திறந்து கிடந்தது. துணிக்கடைக் கல்லாவின்மேல் ஒரு பிரம்பு நாற்காலி கவிழ்ந்திருந்தது. பூட்டுக் கடையின் வாசலில்கூடப் பூட்டில்லை, ஒரு துடைப்பம் சாய்த்து வைத்திருந்தார்கள். கதவில்லை, காவலில்லை, ஆளில்லை. வாழ்நாள் முழுவதும் நில அளவையாளராக வேலை பார்த்தவர் அவர். எல்லைக்கல்லை ஒரு சாண் நகர்த்துவதற்காக அண்ணனும் தம்பியும் மண்வெட்டியைத் தூக்கியதைப் பார்த்தவர். இங்கே ஒரு துடைப்பக்கட்டை எல்லைக்கல்லாக நிற்கிறதே என்று வியப்பு எழுந்தது. அந்த வியப்பை அனுபவிக்கக்கூட நேரமில்லை; மைத்துனன் தாணுவும் ஆவுடையும் தேடிக்கொண்டு வந்துவிடுவார்கள். இராமநாதபுரத்தில் மாலையில் திருமண வரவேற்பு. திருநெல்வேலியிலிருந்து புறப்பட்ட வேன் இந்த ஊர் எல்லையில் சக்கரம் பஞ்சராகி நின்றது. பஞ்சர் கடை வேப்பமரத்தடியில் மனைவியையும் மைத்துனனையும் விட்டுவிட்டு, “சும்மா ஒரு நடை போயிட்டு வாரேன்” என்று கிளம்பியவர் அவர். “இந்தத் தெருவ விட்டுத் திரும்பாதிய, என்ன?” என்று ஆவுடை சொன்னாள். முன்பெல்லாம் அவள் அப்படிச் சொல்லமாட்டாள். போகும்போதே காய்கறி வாங்கி வரச் சொல்வாள். தெருவை விட்டுத் திரும்பாதிய. அந்தச் சொற்களுக்குப் பின்னால் பாளையங்கோட்டை மருத்துவரின் அறை இருந்தது. அதற்குள் இப்போது போகவேண்டாம்.

மழை நாளுக்குப் போகலாம். அங்கே போவதற்கு எப்போதுமே பிடிக்கும். வேலையில் சேர்ந்த புதிது; தேரிக்காட்டுப் பக்கம் முகாம்; அளவுச் சங்கிலியை இழுக்க முடியாதபடி செம்மண் சேறாகிப் பயணியர் மாளிகையில் ஒதுங்கிய பிற்பகல். கூடத்து மூலையில் கண்ணாடி பதித்த ஓர் அலமாரி, அதன் கீழ்த்தட்டில் பழுப்புத் துணி அட்டை. ஞானப்பிரகாசம் என்ற ஓவர்சியர் ஒருவர் தம் கைக்காசில் அச்சிட்டது என்று முன்னுரை சொன்னது. அந்த மனிதர் கோயிலை அளக்கவில்லை, அரண்மனையை அளக்கவில்லை. உப்பளத்துக்காரனின் குடிசை ஏன் கடலுக்கு முதுகு காட்டுகிறது, ஆட்டுக்கிடையின் தட்டி எந்தக் காற்றுக்குச் சாய்கிறது, அடுக்களைப் பரணின் உயரம் அந்த வீட்டுப் பெண் கையைத் தூக்கினால் எட்டும் உயரம்தானா என்றெல்லாம் ஊர் ஊராகப் போய் அளந்து, மையினால் கோடு கோடாக வரைந்து வைத்திருந்தார். கோமதிநாயகம் விளக்கு ஏற்றவும் மறந்து படித்தார். அதுவரை அவருக்கு அளப்பது என்றால் சண்டையைத் தீர்ப்பது. வழக்குக்குப் பதில் சொல்வது. மனிதர்கள் எப்படி உட்கார்கிறார்கள், எங்கே குனிகிறார்கள் என்பதையும் ஒருவன் அளக்கலாம் என்று அந்தப் பிற்பகல்தான் சொல்லிக் கொடுத்தது. பிறகு எந்த ஊரில் முகாமிட்டாலும், வேலை முடிந்ததும் யாராவது ஒருவர் வீட்டு வாசற்படியின் உயரத்தையாவது பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். மறுபடியும் அந்த மாளிகைக்குப் போனபோது சுவருக்குப் புது வெள்ளை அடித்திருந்தார்கள், அலமாரி இல்லை, காவலாளிக்கு அலமாரி இருந்த நினைவே இல்லை. எந்த நூலகத்துப் பட்டியலிலும் அந்தப் பெயர் இல்லை. போன ஊர்களில் எல்லாம் பழைய புத்தகக் கடை இருந்தால் அவர் கால் தானாக நின்றது. சுற்றுலா என்றால் அவருக்கு அதுதான். கோபுரத்தை ஆவுடை பார்த்துக்கொள்வாள்.

அதிலும் அந்த ஒரு படம். வட்டமான மண்சுவர், அதன்மேல் பனையோலைக் கூரை. சுவரோடு கூரையைக் கட்டவில்லை. தொப்பியைப்போல மேலே அமர்த்தியிருக்கிறார்கள். புயல் வரும் அறிகுறி தெரிந்தால் ஊர் ஆண்கள் கூடி, கழிகளைச் செருகிக் கூரையை அப்படியே தூக்கித் தரையில் இறக்கிவைத்து, மேலே வலையும் கல்லும் போட்டுவிடுவார்கள். காற்று கடந்தபின் மறுபடி ஏற்றுவார்கள். படத்தில் கூரை பாதித் தூக்கலில் நிற்கிறது. சுவருக்குள்ளே, தலைக்குமேல் திடீரென்று வானத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரு பெண் இடுப்பில் குடத்துடன் நிற்கிறாள். கூரையின் உச்சியில் ஒரு கோழி, இறங்கவேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. இதைத்தான் அவர் முதன்முதலில் தாணுவிடம் சொன்னார். சிதம்பரதாணு ஆவுடையின் தம்பி; கட்டடப் பொறியாளனாக இருந்து ஓய்வுபெற்றவன்; சிமென்ட்டைத் தவிர எதையும் நம்பாதவன். “கூரைய எறக்கி வைக்கிற வீடா? வீடா அத்தான் அது, குடையா?” என்று அவன் சாப்பாட்டுப் பந்தியில் கேட்டது, குடும்பம் முழுவதும் பரவிவிட்டது. அதிலிருந்து, கண்ணாடியைக் காணோம் என்றால், “அத்தான் புத்தகத்துக்குள்ள பாருங்க” என்பார்கள். கிடைக்காத வரன், வராத பாக்கி, பெய்யாத மழை எல்லாவற்றுக்கும் அத்தான் புத்தகம் என்று பெயர். பேரப்பிள்ளைகள்கூடச் சொன்னார்கள். அவருக்குக் கோபம் வரும். ஆனால் அந்தக் கோபத்துக்கு ஒரு தித்திப்பு இருந்தது. சிரிக்கட்டும், ஒருநாள் கொண்டுவந்து பந்தியில் இலைக்கு நடுவே வைக்கிறேன் என்ற வீறாப்பு இருந்தது. அந்தச் சிரிப்பு நின்றுபோய்விட்டது. அதுதான்.

வேண்டாம் என்றாலும் மனம் அந்த அறைக்குள் போய்விட்டது. காப்பிப் பொடி வாங்கப் போனவர், பேருந்து நிலையத்தில் எந்த வண்டிக்கு என்று தெரியாமல் வரிசையில் நின்றிருக்கிறார். தெரிந்த ஒருவர் வீட்டுக்கு அழைத்து வந்தார். அதன்பிறகு மருத்துவர். மகன் வயது. கடிகாரம் வரையச் சொன்னார். வரைந்தார், அளவையாளரின் கை, வட்டம் கவராயம் பிடித்ததுபோல் வந்தது. மூன்று சொற்கள் சொல்லுகிறேன், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு கேட்பேன் என்றார். மயில். சாவி. மூன்றாவது? பிறகு கேட்டபோது மயிலும் சாவியும் உடனே வந்தன. மூன்றாவதன் இடத்தில் பல் விழுந்த ஈறுபோல வழுவழுப்பாக ஒரு வெற்றிடம். நாற்காலியா? இல்லை, நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார், அதனால் தோன்றுகிறது. படகா? விளக்கா? “வயசுக்கு இது சகஜம் சார், ஆறு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம்” என்றார் மருத்துவர். ஆவுடை பக்கத்தில்தான் இருந்தாள்; அவளுக்குத் தெரியும். ஒரு சொல். கேட்டால் சொல்லிவிடுவாள். இன்றுவரை கேட்கவில்லை, கேட்பதென்றால் இழந்துவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதாகும். அந்த வாரம் தாணு வந்தான். ஏதோ பேச்சில் அவர் வேண்டுமென்றே புத்தகத்தை இழுத்தார். அவன் சிரிக்கவில்லை. “இருக்கும் அத்தான், எங்கயாச்சும் இருக்கும்” என்றான், நோயாளியின் போர்வையைச் சரிசெய்கிற குரலில். அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. அவர்கள் அனைவரும் கூடிப் பேசி முடிவுக்கு வந்துவிட்டார்கள்: புத்தகம் ஒன்று இல்லவே இல்லை, அது அன்றைக்கே தொடங்கிய கோளாறு. அதைவிடக் கொடியது, அவருக்கே அந்த ஐயம் தொற்றிக்கொண்டது. அலமாரி இருந்ததா? மழை பெய்ததா? கூரையைத் தூக்குகிற மனிதர்களை அவர் தாளில் கண்டாரா, கனவில் கண்டாரா? குடத்துடன் நின்ற பெண்ணுக்கு முகம் உண்டா? ஆகவே இப்போது இந்தக் கம்புக்கு அப்பால் கிடப்பது வெறும் புத்தகமன்று. அதைத் திறந்து அந்தப் படம் இருந்தால், அவர் இருக்கிறார். இல்லாவிட்டால், பேருந்து நிலையத்து வரிசையில் நின்ற அந்த வேற்றாள்தான் இருக்கிறார்.

கை நீட்டலாம். யார் பார்க்கிறார்கள்? நுங்குக்காரி பார்க்கிறாள். பார்க்காவிட்டாலும் நீட்டமாட்டார்; எல்லை எல்லைதான். அப்படித்தான் அவர் தமக்குக் காரணம் சொல்லிக்கொண்டார். அதற்கு அடியில் வேறொரு காரணம் ஈரமாகக் கிடந்தது. கம்பு கிடக்கும்வரை அது அந்தப் புத்தகம்தான். எவரும் மறுக்க முடியாது. பாய் மெதுவாகவே வரட்டும். இல்லை, உடனே வரட்டும், இந்த நொடியே வரட்டும். வியர்வை கண்ணிமையைத் தாண்டி உள்ளே இறங்கிக் கரித்தது. அதைத் துடைத்தபோது தாம் சிரித்துக்கொண்டிருப்பதை அவர் கன்னத்தில் தொட்டு அறிந்தார். ஓர் ஆடு வந்து பக்கத்தில் நின்று, அவரைப்போலவே கடைக்குள் பார்த்தது. மயில், சாவி, ஆடு? ஆடில்லை.

“என்ன அத்தான், இப்படி வெயில்ல நிக்கிய? அக்கா அங்க தவிச்சிட்டிருக்கா. வண்டி ரெடியாயிட்டு.” தாணு கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தான். அவனுக்குப் பின்னால், குடையை விரித்துக்கொண்டு, வேகநடையில் ஆவுடை. அவர் கண்களைத்தான் அவள் முதலில் பார்த்தாள். மருத்துவர் அறைக்குப் பிறகு அவளுக்கு வந்த பழக்கம் அது. “மாப்பிள,” என்றார் கோமதிநாயகம். “அந்தக் கட்டுக்குள்ள, மேலயிருந்து நாலாவது. பாத்தியா?” தாணு பார்த்தான். அக்காளும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “இருக்கும் அத்தான்,” என்றான், அதே போர்வைக் குரலில். “இருங்க, எடுத்தே காட்டிருதேன்.” கம்புக்குமேல் குனிந்து அவன் கையை நீட்டியபோது, கோமதிநாயகம் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடி அவர் எண்ணியதைவிட இறுக்கமாக இருந்தது. “கம்பு கெடக்குல்லா,” என்றார். நுங்குக்காரி முதன்முறையாக நிமிர்ந்து, அவரை மதிப்போடு பார்த்தாள். “வரவேற்புக்கு நேரமாயிரும்ங்க,” என்றாள் ஆவுடை, மெல்ல. “ஆகட்டும்,” என்றார் அவர். சொல்லிவிட்டு, இனி தள்ளிப்போட வழியில்லை என்று உணர்ந்தார். “தாணு, கேட்டுக்கோ. நான் தொடமாட்டேன். நீயே தெறந்து பாரு. வட்டச் செவரு. கூரை பாதி தூக்கியிருக்கும். உள்ள ஒரு பொம்பள, இடுப்புல குடம். கூரை உச்சியில கோழி. இதுல ஒண்ணு கொறைஞ்சாலும், அந்த டாக்டர் சொல்லுத மாத்திரைய எல்லாம் நான் வாய் பேசாம முழுங்குதேன்.” ஆவுடை குடையை அவர் தலைக்குமேல் நீட்டினாள்.

தெருமுனையில் வெண்ணிறம் பெருகியது. தொழுகை முடிந்து தொப்பியும் துண்டுமாக ஆண்கள் பேசிக்கொண்டே வந்தார்கள். நாற்காலி நிமிர்ந்தது, துடைப்பம் மூலைக்குப் போனது, தெரு மறுபடியும் கடைத்தெரு ஆயிற்று. ஒல்லியான பெரியவர் ஒருவர் இவர்களுக்கு முன்னால் வந்து நின்றார். “மகுதூம் பாய், உங்களுக்காவத்தான் கால்கடுக்க நிக்காவ” என்று எதிர்ப்புறத்திலிருந்து நுங்குக்காரியின் குரல் வந்தது. “அடடா, உள்ள வந்து பாத்துக்கிட்டு இருந்திருக்கலாமே அண்ணாச்சி,” என்று சொல்லிக்கொண்டே பாய் கம்பை எடுத்தார். “கம்பு கெடந்துச்சே,” என்றார் கோமதிநாயகம். “அது ஆட்டுக்குல்லா போட்டிருக்கேன். போன வாரம் ஒரு பஞ்சாங்கத்தப் பாதி தின்னுட்டு. மனுசருக்கு எதுக்குக் கம்பு?” ஆடு குற்ற உணர்வு ஏதுமின்றி நின்றது. தாணுவின் உதட்டோரம் துடித்தது, அடக்கிக்கொண்டான். அடக்காதே, அடக்காதேடா மாப்பிள, என்று கோமதிநாயகத்தின் நெஞ்சு கெஞ்சியது. பாய் சணலை அவிழ்த்தார். முடிச்சு இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்து இழுத்தார். பழுப்பு அட்டை தாணுவின் கைக்குப் போயிற்று. கோமதிநாயகம் தெருவின் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏடுகள் புரளும் ஓசை. மடித்த தாள் ஒன்று பிரியும் ஓசை. மீண்டும் மடங்கும் ஓசை. இன்னொன்று. தாள் வாசனை, கரப்பான் வாசனை, அதற்குள் எங்கோ அந்த மழையின் வாசனை. பிறகு ஓசை நின்றது. ஏன் நின்றது? கேட்கக்கூடாது. எதிர்மரத்து நிழலில் நுங்கை எடுத்துவிட்டுப் போட்ட வெறுங்கூந்தைகளின் அடுக்கைப் பார்த்தார்; எவ்வளவு நேரம் பார்த்தாரோ.

“அத்தான்.” போர்வைக் குரல்தான். “கோழி இல்லையே அத்தான்.” அவர் திரும்பவில்லை. வேற்றாள் வரிசையில் ஓரடி முன்னால் நகர்ந்தான். “செவரு இருக்கு. கூரை இருக்கு. பொம்பளயும் இருக்கா, இடுப்புல குடத்தோட. ஆனா கோழி இல்ல.” தாள் மறுபடி சரசரத்தது. “சேவலு. இந்தக் கொண்டையப் பாருங்க, எம்மாம் பெருசு. இத்தன வருசமா கோழி கோழின்னு சொல்லிக் குடும்பத்தையே ஏமாத்தியிருக்கிய.” அவர் திரும்பிப் பார்த்தபோது தாணுவின் கண்கள் நிறைந்திருந்தன, வாய் மட்டும் பழைய பந்தியில் உட்கார்ந்து இளித்தது. மடித்த தாள் அவன் இரு கைகளுக்கிடையே விரிந்திருந்தது. கழிகளைத் தோளில் ஏந்திய மனிதர்கள். தலைக்குமேல் வானத்தைக் காணும் பெண். அவளுக்கு முகம் இருந்தது, சற்றே கோணிய, எரிச்சல் படிந்த, யாரோ ஒரு வீட்டுக்காரியின் முகம். உச்சியில் இறங்காத பறவை. “கொண்டையா அது? மை சிந்தியிருக்கு,” என்றார் கோமதிநாயகம். “மையா? நல்லாப் பாருங்க அத்தான், வாலும் தெரியுது.” “கோழிக்கு வாலில்லையா?” “இப்படி வளைஞ்சா இருக்கும்?” “ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க,” என்று ஆவுடை படத்தை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனாள், பார்த்து முடித்தும் தாளை இறக்கவில்லை, முகத்தை மறைத்தபடியே நின்றாள். பாய் கேட்ட விலையை அவர் பேரம் பேசாமல் கொடுத்தார். தாணு தோளில் கைபோட்டு இழுத்தான். சேவலா கோழியா என்று தெரு முழுவதும் கேட்க வழக்காடிக்கொண்டு அவர்கள் வேப்பமரத்தடிக்கு நடந்தார்கள். அவருடைய கால் தரையில் பட்டதா என்பது அவருக்கே தெரியவில்லை. கூரை இல்லாத வீட்டுக்காரியைப்போல அவர் அண்ணாந்து பார்த்தார். வானம் வெள்ளை வெளேரென்று, மேகமில்லாமல், பெரிதாக இருந்தது.

வேனில் ஏறி, கதவையும் சாத்தியபின், “எங்க, இன்னொருக்க அந்தச் சேவலக் குடுங்க” என்று தாணு கை நீட்டினான். கோமதிநாயகம் மனைவியைப் பார்த்தார். ஆவுடை தம்பியைப் பார்த்தாள். தாணு தன் வெறுங்கையைப் பார்த்தான். “அக்கா, நீதான கடைசியா வச்சிருந்த?” “கல்லாவுல வச்சேன். உங்க அத்தான் எடுப்பாவன்னு நெனச்சேன்.” “நான் மாப்பிள எடுப்பான்னு நெனச்சேன்.” ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்தினார். அந்தக் கணத்தில், வழக்கமாக அடிவயிற்றிலிருந்து எழும் குளிர்ச்சிக்காக அவர் காத்திருந்தார். அது வரவில்லை. “அத்தான் புத்தகம் திரும்பவும் காணாமப் போயிட்டு,” என்று தாணு அறிவித்தான். அவர் இறங்கி நடக்கத் தொடங்கியிருந்தார். குடையுடன் ஆவுடை பின்னால் ஓடிவந்தாள்.

பாய் சாப்பிடப் போய்விட்டார். கம்பு மறுபடியும் ஆணிகளின்மேல் கிடந்தது. அதன் முன்னால் ஆடு. கல்லாவின்மேல் பழுப்பு அட்டை, வைத்தது வைத்தபடியே இருந்தது. எங்கும் போகவில்லை. ஆள் இல்லை, அவ்வளவுதான், பொருள் இருக்கிறது. கோமதிநாயகம் வேட்டியைச் சற்றே தூக்கிப் பிடித்து, ஒரு காலை எடுத்து வைத்து, பிறகு மற்றதையும் வைத்துக் கம்பைத் தாண்டினார். உள்ளே நிழலாக, தண்ணென்று இருந்தது. புத்தகத்தை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு நின்றபோது, இத்தனை நாள் வாயருகே வந்து திரும்பிப்போன கேள்வி, எவரும் தள்ளாமலே வெளியே வந்தது. “ஆவுடை, அந்த டாக்டர் மூணு சொல்லு சொன்னாருல்லா. மயிலு, சாவி. மூணாவது என்ன?”

கம்புக்கு அந்தப் பக்கம், வெயிலில், குடையின் கீழே நின்ற ஆவுடை அவரைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்; மூடினாள். “மயிலு,” என்றாள். “சாவி.” குடையைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், கடைசியில் ஆட்டைப் பார்த்தாள். “போங்க அங்கிட்டு,” என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக. “எனக்கும் மறந்துட்டு.”